பினாங்கில் சின்ன மீன்பிடி படகு: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

படகு வாங்கப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் பேசினால் எத்தனை அடி, என்ன எஞ்சின், எத்தனை ஆயிரம் வெள்ளி என்றுதான் பேச்சு ஓடும். சரி, எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பினாங்கில் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது இந்த ஒரு கேள்விதான். படகு நிறுத்துகிற இடம் முடிவான பிறகு படகைத் தேடுங்கள்.

காரணம் சேறு. தீவில் பத்து மாவுங், தெலுக் கும்பார் பக்கமாகட்டும், அக்கரையில் ஜூரு, புக்கிட் தம்புன், பத்து கவான், வடக்கே குவாலா மூடா வரைக்குமாகட்டும், சின்னப் படகுகள் பெரும்பாலும் ஆற்றுவாயிலோ ஓடைக்குள்ளோதான் கட்டிக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே தண்ணீர் மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் மாறும். காலையில் படகு மிதந்த ஓடையில் மத்தியானம் கொக்கு நடந்து போகும். அந்த ஓடைக்குள் படகு வைத்திருந்தால் நீங்கள் நினைத்த நேரத்துக்குப் போகவும் முடியாது, வரவும் முடியாது.

அதனால் இடம் பார்க்கப் போகும்போது தண்ணீர் நிறைந்திருக்கிற நேரத்தில் போகாதீர்கள், எல்லா ஜெட்டியும் அப்போது அழகாகத்தான் இருக்கும். கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் வருடா வருடம் வெளியிடுகிற ஏற்றவற்று அட்டவணையைப் பாருங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலியைத் திறந்துகொள்ளுங்கள். பௌர்ணமி முடிந்து ஒன்றிரண்டு நாளில் வருகிற மிகக் குறைந்த வற்று நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, எந்தப் பக்கம் ஆழம் ஓடுகிறது, பழைய மரக்கம்பு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அங்கே இருக்கிற மலாய் பாக்சிக்கிடமோ சீன அங்கிளிடமோ ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, தண்ணீர் ஏறத் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து அவர் படகு வெளியே போகும் என்று கேளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், மறுநாள் எல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், இது தெரிந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும்தான் லீவு கிடைக்கும் என்றால் இந்தக் கணக்கை இன்னும் கவனமாகப் போடுங்கள், ஏனென்றால் மாதத்தில் சில ஞாயிறுகள் அந்த ஓடையில் உங்களுக்கு உதவாது. யாருக்கு வாடகை கட்ட வேண்டும், ராத்திரி யார் கண் வைத்திருப்பார்கள் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். எஞ்சின் திருட்டு இங்கே புதிய விஷயம் இல்லை.

இடம் முடிவானால் படகின் வடிவம் தானாகவே பாதி முடிவாகிவிடும். சேற்று ஓடை என்றால் அடிப்பகுதி தட்டையாகவோ லேசான வி வடிவத்திலோ உள்ள 16 முதல் 18 அடி ஃபைபர் படகு. வற்றினாலும் சாயாமல் சேற்றில் உட்காரும், முழங்கால் ஆழத்தில் தள்ளியும் போகலாம். என்ன, தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே இருக்கிற கடல் கால்வாயில் எதிர்க்காற்று வீசினால் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக் காட்டிவிடும். ஆழமான வி அடிப்பகுதி அலையை வெட்டிக்கொண்டு சுகமாகப் போகும், ஆனால் அதற்கு ஆழமான இடமும் பெரிய எஞ்சினும் வேண்டும். ஜெரெஜாக் தீவு, அமான் தீவு, பாலங்களின் சுற்றுவட்டாரம் என்று இரண்டு கரைக்கும் நடுவிலேயே பிடிக்கப் போகிறவருக்கு முதல் வகை போதும். கென்டி தீவுப் பக்கமோ தீவின் வடமேற்கு முனையான மூக்கா ஹெட்டைத் தாண்டியோ போக ஆசை என்றால் இரண்டாவது வகை, அதுவும் 20 அடிக்குக் குறையாமல்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 20 அடிக்குக் கீழே உள்ள படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 16 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் ஐந்து பேர். இது அமைதியான தண்ணீரில் சும்மா உட்கார்ந்து போகிறவர்களுக்கான கணக்கு. ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், தூண்டில் என்று வந்துவிட்டால் மூன்று பேருக்கு மேல் ஏற்றாதீர்கள், மச்சான் எவ்வளவு கெஞ்சினாலும்.

பழைய படகு வாங்கினால்

இங்கே பெரும்பாலோர் முதலில் வாங்குவது பழைய படகுதான், அதில் தப்பில்லை. பெயிண்ட் பளபளப்பை மட்டும் நம்ப வேண்டாம், நேராகப் பின்பக்கம் போங்கள். எஞ்சினைத் தாங்குகிற பின்பலகையை டிரான்ஸம் என்பார்கள். பல படகுகளில் அது வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். யாரோ எப்போதோ போட்ட ஆணி ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியே தெரியாமலே பலகை உளுத்திருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், உளுத்த இடம் ‘பொத் பொத்’ என்று அமுங்கிக் கேட்கும். அப்புறம் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் அசைந்தாலோ, பலகை தரையைத் தொடுகிற மூலையில் முடி போல விரிசல் ஓடினாலோ விலையில் பெரிய குறைப்புக் கேளுங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டிரான்ஸம் மாற்றுவது ஒரு வாரக் கடைசி வேலை என்று விற்கிறவர் சொல்வார். அவர் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

காலால் தரையை மிதித்துப் பார்ப்பது, உள்ளே நுரை நிரப்பியிருந்தால் அது தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அடுத்தது.

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொழுதுபோக்குப் படகைப் பற்றி ஜபாத்தான் லாவுட் என்கிற கடல் துறையிடமும், தொழில்முறை மீன்பிடிப்பு பற்றி ஜபாத்தான் பெரிக்கானான் என்கிற மீன்வளத் துறையிடமும் பேச வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. மீனவரிடம் படகு வாங்கினால் அவருடைய உரிமமும் படகோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள், துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஓட்டுகிறவருக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதையும் கடல் துறைக் கவுண்டரிலேயே கேளுங்கள், காப்பிக் கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எஞ்சினின் வரிசை எண்ணும் ரசீதில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். மீனவர்களுக்கு அரசாங்கம் தருகிற மானிய எண்ணெயைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று ஜெட்டியில் யாராவது கூப்பிட்டாலும் அப்படித்தான்.

எஞ்சின்

யமஹா, சுசூக்கி, டோஹாட்சு, மெர்குரி என்று எது வாங்கினாலும், உங்கள் ஜெட்டியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆளும் உதிரி பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கனம் குறைவு, எளிமையானது, கம்பத்து மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சரி செய்வார். ஆனால் பெட்ரோல் குடிக்கும், புகையும் சத்தமும் உண்டு. நாலு ஸ்ட்ரோக் அமைதி, சிக்கனம், கூடவே கனமும் விலையும் அதிகம். பழைய, இளைத்த டிரான்ஸத்தில் கனமான நாலு ஸ்ட்ரோக்கை மாட்டுவது நல்ல யோசனை இல்லை.

வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து டிரான்ஸத்தின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நடுவில் அளந்துகொள்ளுங்கள். சுமார் 15 அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 அங்குலம் வந்தால் நீளத் தண்டு. மாட்டிய பிறகு, படகைத் தள்ளுகிற விசிறிக்கு (புரொப்பெல்லர்) மேலே இருக்கிற தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் திரும்பும்போது விசிறி காற்றை விழுங்கிக்கொண்டு வீணாகச் சுற்றும். ரொம்பக் கீழே இருந்தால் படகு இழுபடும், சேற்றையும் உழும்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலக்கிற விகிதம் பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் எண்ணெய். புது எஞ்சினை ஓட்டிப் பழக்குகிற முதல் மணி நேரங்களுக்குக் கையேட்டில் வேறு விகிதம் இருக்கும், அதைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற டூ-டி எண்ணெய் மலிவு என்று ஊற்ற வேண்டாம். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிற படகு எஞ்சின் எண்ணெய்தான் சரி.

பெட்ரோல் கணக்கு: 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் குடிக்கும், பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கூட. எடுத்துப் போகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. போகும்போது தண்ணீர் இழுக்கிற பக்கமே போயிருப்பீர்கள், திரும்பும்போது எதிர்த்து வர வேண்டியிருக்கும், அப்போது அந்த மூன்றாவது பங்கின் அருமை தெரியும். டாங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீரைப் பிரிக்கிற ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி காலியான டாங்கில் தானாகவே தண்ணீர் சேரும்.

சாமான் வாங்குகிற வரிசை

படகுக் கடைக்குள் போனால் கை முதலில் மீன் காட்டுகிற கருவியைத்தான் தேடும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் காசு, படகு கட்டிக் கிடக்கும்போதே மூழ்காமல் இருப்பதற்கு. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கடலில் கவிழ்கிற படகைவிட ஜெட்டியில் மழைத் தண்ணீர் நிறைந்து உட்கார்ந்துபோகிற படகுதான் கண்ணில் அதிகம் படும். 16 அடிப் படகின் வாய் ஏழு சதுர மீட்டர் இருக்கும் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 700 லிட்டர், அதாவது 700 கிலோ, உள்ளே ஏறிவிட்டது. அக்டோபர், நவம்பரில் பினாங்கு மழை எப்படிப் பெய்யும் என்று 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மிதவை சுவிட்ச் வைத்த தானியங்கி பம்ப், அதற்கு ஒழுங்காகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, மேலே நடுவில் உயர்த்திக் கட்டிய தார்ப்பாய், இந்த மூன்றும் வேண்டும். தார்ப்பாயைத் தொய்வாகக் கட்டினால் அதுவே குளமாகிவிடும்.

அடுத்த காசு, திரும்பி வருவதற்கு. ஆளுக்கு ஒரு உயிர்காப்பு ஜாக்கெட், பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். மூட்டை கட்டி முன்பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அது ஜாக்கெட் இல்லை, போட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டியே ஓட்ட வேண்டும், ஏனென்றால் ஆள் தவறி விழுந்த பிறகு ஆளில்லாப் படகு வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரும். ஒரு ஜோடித் துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, டார்ச், விசில், வலை விசிறியில் சுற்றினால் அறுக்க ரம்பப்பல் கத்தி, உபரி ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றுகிற ஸ்பேனர். கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஆபத்தில் 999 கூப்பிட்டால் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் தகவல் போகும். மூக்கா ஹெட்டைத் தாண்டுகிறவர்கள் கையடக்க விஎச்எஃப் ரேடியோவும் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தில் கூப்பிட 16ஆம் அலைவரிசை. கிளம்பும் முன் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மனைவியிடம் சொன்ன இடம் ஒன்று, போன இடம் இன்னொன்று என்பது வேண்டாம், தேடுகிறவர்கள் பாவம்.

ராத்திரி ஓட்டினால் விளக்கு கட்டாயம். 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகுக்கு எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கும், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் போதும். தலையில் கட்டிய ஹெட்லைட் இந்தக் கணக்கில் சேராது.

நங்கூரத்துக்கு வருவோம். நம் கால்வாயின் அடி பெரும்பாலும் சேறு, அதற்கு அகலத் தகடு மடங்குகிற டான்ஃபோர்த் வகைதான் பிடிக்கும். நாலு விரல் கொக்கி மாதிரி இருக்கிற மலிவான நங்கூரம் பாறைக்கும் பழைய மரத்துக்கும் சரி, சேற்றில் கோடு கிழித்துக்கொண்டே வரும். கயிற்றுக்கு முன்னால் படகு நீளத்துக்காவது சங்கிலி போடுங்கள். ஆழம் எவ்வளவோ அதைப்போல ஐந்து மடங்கு கயிறு விடவேண்டும், காற்று இருந்தால் ஏழு மடங்கு. பத்து மீட்டர் ஆழம் என்றால் 50 மீட்டர். கடையில் 30 மீட்டர் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நங்கூரம் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. எப்போதும் முன்பக்கம்தான் கட்ட வேண்டும். இழுப்புப் பலமாக இருக்கும்போது பின்பக்கம் கட்டினால் எஞ்சின் கனமும் சேர்ந்து பின்பக்கம் அமுங்கி, தண்ணீர் டிரான்ஸத்தைத் தாண்டி உள்ளே வர ஒரு நிமிடம்கூட ஆகாது.

வயர் வேலையைச் செய்கிறவர் வீட்டு வயரைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். வெள்ளீயம் பூசிய படகு வயர் வாங்க வேண்டும், வெறும் செம்பு சில மாதத்தில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துப் பொடியாகும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃபியூஸ்.

இப்போது வேண்டுமானால் மீன் காட்டுகிற கருவி. ஆழம் குறைந்த நம் தண்ணீருக்கு விலை குறைந்த சின்னத் திரையே போதும், 200 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சரை மாட்ட டிரான்ஸத்தில் ஓட்டை மேல் ஓட்டை போடாமல், சமையலறை வெட்டுப்பலகை மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை முதலில் பொருத்தி, ஓட்டைகளை சிக்காஃப்ளெக்ஸ் பசை வைத்து அடைத்துவிட்டு, சென்சரை அந்தத் துண்டின் மேல் திருகுங்கள். பிறகு எத்தனை தடவை இடம் மாற்றினாலும் படகுக்குச் சேதம் இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிற வழக்கமான விசிறி என்றால் வலப்பக்கம் மாட்டுங்கள், அங்கே இறக்கை கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு.

தூண்டில் தாங்கிகளைத் திருகாணியில் நிறுத்தாமல், அடியில் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். பெரிய திருக்கை ஒன்று இழுத்தால் வெறும் திருகாணி பெயர்ந்து தூண்டிலோடு போய்விடும். கொடுவாய், செனாங்கின் மீன்களுக்கு உயிர் இறால்தான் இங்கே இரை என்பதால், காற்றுக்குமிழி விடுகிற சின்னப் பம்பும் மூடி போட்ட வாளியும் வைத்தால் போதும், தனித் தொட்டி கட்ட வேண்டியதில்லை. ஐஸ் பெட்டியைப் படகின் நடுவில் வையுங்கள். பின்பக்கம் ஏற்கெனவே எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நீங்கள் என்று எல்லாம் சேர்ந்துவிட்டது.

வெளியே போகும்போது

பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் சுவெட்டன்ஹாம் துறைக்கும் போகிற கப்பல்களின் பாதையில் நங்கூரம் போடக் கூடாது. கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, பாதையை விட்டு விலகவும் முடியாது, ஒதுங்குவது உங்கள் வேலை. ஃபெரியின் குறுக்கேயும் போகாதீர்கள். தீவின் தெற்கே 2023 முதல் சிலிக்கான் தீவு என்கிற செயற்கைத் தீவுக்காக மண் கொட்டிவருவதால், அந்தப் பக்கம் பழைய வரைபடத்தில் இருக்கிற ஆழத்தையும் பழைய ஆட்கள் சொன்ன அடையாளத்தையும் நம்பி ராத்திரி போக வேண்டாம். புக்கிட் தம்புன், அமான் தீவுப் பக்கம் மீன் கூண்டுகளின் கயிறுகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நீண்டிருக்கும், மெதுவாகப் போங்கள்.

வானிலையில் நாம் பயப்பட வேண்டியது சுமத்ரா. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, முக்கியமாகத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடிவதற்கு முன்னும் காலையிலும் மேற்கேயிருந்து வரிசையாக வரும் இடிமழை அது. காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். மேற்கே கறுப்பாக ஒரு கோடு தெரிந்து, வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, பிறகு குளுகுளுவென்று ஒரு காற்று முகத்தில் அடித்தால், தூண்டிலில் என்ன மாட்டியிருந்தாலும் அறுத்துவிட்டு ஓடுங்கள். முந்தின ராத்திரியும் கிளம்பும் முன்னும் வானிலைத் துறையின் மைகுவாச்சா செயலியில் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். மழை ரேடாரில் சுமத்ரா வில் மாதிரி வளைந்து தெரியும். மின்னல் தொடங்கினால் கார்பன் தூண்டில்களைப் படுக்க வைத்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவ வேண்டும். ஜெட்டியில் குழாய் இல்லையென்றால் பெரிய டிரம்மில் தண்ணீர் எடுத்துப் போங்கள். இடம் பார்க்கும்போதே குழாய் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. கட்டும்போது எஞ்சினை முழுக்கத் தூக்கி நிறுத்துங்கள், இல்லையென்றால் வற்றும்போது விசிறி சேற்றில் புதையும், கொட்டலசும் ஒட்டும். கட்டுகிற கயிற்றில் இரண்டு மீட்டருக்கு மேலான ஏற்றவற்றுக்குத் தேவையான தளர்ச்சி விட்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். இறுக்கிக் கட்டிய படகு வற்றில் ஜெட்டிக் காலில் தொங்கும், ஏற்றத்தில் ஜெட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அடிப்பகுதிக்கு ஒட்டுயிர் தடுக்கிற பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் செம்பு கலந்த அந்தப் பெயிண்டை எஞ்சினின் அலுமினியக் காலில் பூசாதீர்கள், அரித்துவிடும். எஞ்சின் அரிக்காமலிருக்க அதற்குப் பதிலாகக் கரைகிற துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் பெயிண்ட் படவே கூடாது. கியர் எண்ணெயைத் திறக்கும்போது பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதோடு ஓட்டாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது அதைக் குளிரவைக்கிற தண்ணீர் பின்னால் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து பீய்ச்சும். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்ததும் முதலில் அதைப் பாருங்கள். அது மெலிந்தால் கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் உள்ளே தண்ணீரை இறைக்கிற ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், தேய்ந்திருக்கலாம். சேற்றுத் தண்ணீரில் ஓட்டுகிற நமக்கு அது சீக்கிரம் தேயும், அதனால் கெட்டுப்போகும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கழற்றிய பழையதில் இறக்கை உடையாமல் இருந்தால் தூக்கிப் போடாமல் படகுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.